பதினாறு கிலோ ஆண்டியப்பன்

ஆண்டியப்பனுக்கு வேலை போய் எட்டு மாதம் கழித்து, அவருக்கு வேலை இருக்கிறது என்று அரசாங்கம் கண்டுபிடித்தது.

கணக்கெடுக்க வந்த பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. அக்கரப்பத்தனை பஸ்ஸில் வந்து இறங்கி, ஏற்றம் ஏறி, மூச்சு வாங்கத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் நின்றாள். ஆண்டியப்பனின் மனைவி வீரம்மா தேத்தண்ணி கொடுத்தாள். படிவத்தில் ஒரு கேள்வி: போன வாரம் ஒரு மணித்தியாலமாவது ஏதாவது வேலை செய்தீர்களா? ஆண்டியப்பனுக்குப் பொய் வராது. பக்கத்துக் காம்பராக்காரரின் கோழிக்கூட்டுக்குக் கம்பி அடித்துக் கொடுத்ததைச் சொன்னார். எவ்வளவு நேரம்? ஒரு மணித்தியாலம் இருக்கும். கூலி? நாலு முட்டை. பிள்ளையின் முகம் மலர்ந்தது. உரிய கட்டத்தில் சரி போட்டாள். அன்றைக்கு நாட்டில் வேலையில்லாதோர் தொகையில் ஒன்று குறைந்தது. நாலு முட்டையில் ஒன்று கூழ் என்பதைக் கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

பிறகு ஒரு நாள் தொலைக்காட்சியில் யாரோ ஒரு பெரிய மனிதர், பொருளாதாரம் நிமிர்கிறது என்று சொன்னார். அந்த நிமிர்வுக்குள் ஆண்டியப்பனின் கோழிக்கூடும் எங்கேயோ இருந்திருக்க வேண்டும்.

வேலை போவதற்கு முந்தின இருபத்துநாலு வருடமும் அவர் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் பார்சல் கட்டினார். வேறொன்றும் செய்யவில்லை, அது ஒன்றையே செய்தார். அவர் கட்டின பார்சல் மன்னார் போனாலும் பதுளை போனாலும், பஸ் கூரையில் மழை குடித்துப் போனாலும், உள்ளே ஒரு சீலையின் மடிப்புக் குலையாது. பத்துச் சீலை வைக்கிற இடத்தில் முப்பதை வைத்து, முழங்காலால் ஓர் அமுக்கு அமுக்கி, கயிற்றை இழுத்து ஒரு முடிச்சுப் போடுவார். அந்த முடிச்சைப் பல்லால் அவிழ்க்கப் போய்ப் பல்லை விட்ட வியாபாரிகள் உண்டு.

பிறகு நாடு வங்குரோத்து ஆனது. முதலில் துணி வரவில்லை. அப்புறம் துணி வந்தது, வாங்க ஆள் வரவில்லை. அப்புறம் ஆட்களும் வந்தார்கள். ஆனால் கடைக்குள் வராமல் போனுக்குள் வந்தார்கள். முதலாளியின் மகன் படித்துவிட்டு வந்து கடையை நவீனமாக்கினான். ஒட்டினால் ஒட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் உறைகள் வந்தன. கயிறு வேண்டாம் என்றார்கள். கயிறு வேண்டாம் என்றால் யார் வேண்டாம் என்பதை ஆண்டியப்பன் தாமாகவே விளங்கிக்கொண்டார். முதலாளி உடுக்க ஒரு சாரம் கொடுத்து, கண் கலங்கி அனுப்பி வைத்தார். அந்தச் சாரமும் ஒட்டுகிற உறைக்குள்தான் இருந்தது.

நாடு தான் நொடித்துப் போனதை உலகத்துக்கே அறிவித்தது. ஆண்டியப்பன் தம் லயத்துக்குக்கூட அறிவிக்கவில்லை. லீவில் வந்திருப்பதாகச் சொன்னார். மூன்றாவது மாதம், இவ்வளவு லீவு கொடுக்கிற கடையில் தங்களுக்கும் வேலை எடுத்துத் தரும்படி லயத்தில் விண்ணப்பங்கள் வரத் தொடங்கின. அதற்குப் பிறகு அவர் லீவைப் பற்றிப் பேசவில்லை.

வீரம்மா தோட்டத்தில் முப்பது வருடம் எடுத்த தேயிலைக் கொழுந்து கொடுத்த தைரியத்தில் வீடு ஓடியது. பங்குனி மாதம் அவளுடைய முதுகு நின்றுகொண்டது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனிமேல் பாரம் தூக்கவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார். நல்ல டாக்டர். ஆனால் அந்தத் துண்டுச் சீட்டு வீரம்மாவின் முதுகை மட்டும் பற்றியதல்ல. அந்தத் தோட்டத்தில், வேலைப் பதிவில் பேர் உள்ள குடும்பத்துக்குத்தான் குடியிருக்கக் காம்பரா. வீரம்மாவின் பேர் வெட்டுப்பட்டால் அந்த இடத்தில் வீட்டிலிருந்து வேறொரு பேர் ஏற வேண்டும். இல்லையென்றால் சித்திரை முடிவதற்குள் காம்பராவை ஒப்படைக்க வேண்டும். மகள் சுலக்ஷனாவுக்கு உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அவளை அனுப்பிக் கொழுந்து எடுக்க வைப்பது என்ற பேச்சை வீரம்மா எடுக்கவும் விடவில்லை.

ஆகவே ஆண்டியப்பன் தோட்டத்தை நடத்துகிற தொரையின் ஆபீசுக்குப் போய், தம் பேரைப் பதியும்படி கேட்டார். வேலை இல்லை என்று நாடு முழுக்க அழுகை. ஆள் இல்லை என்று தோட்டம் முழுக்க அழுகை. இரண்டும் சந்தித்துக் கட்டிப்பிடித்துக்கொள்ளும் என்று பார்த்தால், தொரை ஐம்பத்தோரு வயது மனிதரின் விரல்களைப் பார்த்தார். இளம் தொரை, மரியாதை தெரிந்தவர். ஒரு கிழமை எடுத்துப் பார்க்கச் சொன்னார். கிழமைக்குள் ஆறு முழுப்பேர் விழுந்தால் பதிவு. நாளுக்குப் பதினாறு கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். ஐந்து முழுப்பேரும் ஓர் அரைப்பேரும் என்றால் காம்பரா இல்லை.

திங்கட்கிழமை காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பதினொரு பெண்களுக்குப் பக்கத்தில் ஆண்டியப்பன் போய் நின்றார். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தவரை, அந்தக் கூட்டத்தின் வாயாடியான பிரேமினி கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்தாள்.

“கொழும்பு அண்ணே, நீங்களே உங்கள பார்சல் கட்டிக்கப் போறீங்க. திரும்புங்க.”

அவளே கட்டிவிட்டாள். ஆளுக்கொரு வரிசைச் செடியாக நிரை பிரித்துக் கொடுத்தார்கள். இரண்டு இலையும் மொட்டும் கிள்ள வேண்டும் என்று உலகத்துக்கே தெரியும். கிள்ளுவதற்குள் அடுத்த செடி கூப்பிடும், அதற்குள் அட்டை கடிக்கும், அதற்குள் பக்கத்து நிரைக்காரி பத்துச் செடி முன்னால் போய்விடுவாள் என்பது உலகத்துக்குத் தெரியாது. நாளுக்கு மூன்று நிறுவை: காலை, மத்தியானம், பின்னேரம். மலையை மேற்பார்க்கிற கண்டாக்கு நடராசா ஐயா தராசோடு வந்து நிற்பார். யாழ்ப்பாணத்து மனிதர், மலைக்கு வந்து இருபது வருடமாகியும் குளிருக்கு மப்ளரை விடாதவர், பேச்சில் யாழ்ப்பாணத்தையும் விடாதவர்.

அன்றைக்கு மூன்று நிறுவையும் கூட்டிப் பார்த்தால் பதினாறரை கிலோ.

ஆண்டியப்பனுக்கே ஆச்சரியம். கொழும்புக் கை என்றால் சும்மாவா என்றாள் பிரேமினி. செவ்வாய்க்கிழமை சரியாகப் பதினாறு. புதன்கிழமை பதினேழு. புதன் இரவுச் சாப்பாட்டின்போது, கொழுந்து எடுப்பதில் ஒரு டெக்னிக் இருக்கிறது என்று அவர் வீரம்மாவுக்கு விளக்கத் தொடங்கினார். முதலில் செடியை முழுதாகப் பார்க்க வேண்டுமாம். பிறகு ஓரத்திலிருந்து உள்ளே வர வேண்டுமாம். முப்பது வருடம் கொழுந்தெடுத்த வீரம்மா, கறை பிடிக்காத அவருடைய விரல் நுனிகளைப் பார்த்தபடி, சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கிழமை அந்தக் குடும்பத்தில் நடந்த ஆகக் கடினமான உழைப்பு அதுதான்.

மூன்று நாள் வெற்றி ஒரு மனிதரைச் சும்மா இருக்க விடாது. வியாழக்கிழமை ஆண்டியப்பன் தோட்டத்துக்குத் தம் அறிவைக் கொடுக்கத் தீர்மானித்தார். கொழுந்துச் சாக்குகள் வாய் பிளந்து, உப்பி, வழியெல்லாம் இலை சிந்திக்கொண்டு போவது முதல் நாளே அவர் கண்ணை உறுத்தியிருந்தது. இருபத்துநாலு வருடம் ஓர் அங்குல இடத்தையும் வீணாக்காத கண். காலையில் வீட்டிலிருந்து ஒரு முழம் சணல் கயிறு கொண்டுபோனார். எடுத்த கொழுந்தைச் சாக்கில் கொட்டி, முழங்காலால் ஓர் அமுக்கு அமுக்கி, வாயை மடித்து, முடிச்சைப் போட்டார். சாக்கு பாதியாகச் சுருங்கித் தலையணை மாதிரி லட்சணமாக நின்றது. அவருக்கு எட்டு மாதத்தில் முதல் தடவையாகக் கை நிறைந்தது.

காலை நிறுவைக்கு முன்னால் பெண்கள் ஒவ்வொருவராக அவருடைய சாக்குப் பக்கமாக வந்தார்கள், கொஞ்சம் நின்றார்கள், போய்விட்டார்கள். பிரேமினி மட்டும் குனிந்து முடிச்சை நோண்டிப் பார்த்தாள். நகம் ஒடிந்ததுதான் மிச்சம்.

“என்னண்ணே இது, உள்ள தங்கமா வச்சிருக்கீங்க?”

தம்மைத் தவிர இதை ஒருத்தராலும் அவிழ்க்க முடியாது என்று அவர் பெருமையாகச் சொன்னார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டு போனாள்.

தராசு நாலு கிலோ காட்டியது. தராசில் ஏதோ கோளாறு என்று ஆண்டியப்பன் முடிவுகட்டினார். மத்தியானம் மறுபடியும் நாலு. கோளாறு உறுதியானது. பின்னேரம் மூன்று. அந்தச் சாக்கை அவிழ்க்கச் சொல்லி உள்ளே கையை விட்ட நடராசா ஐயா, விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார். அமுக்கின கொழுந்து உள்ளுக்குள் சூடேறி, நசிந்து, செம்பழுப்பாகக் கிடந்தது. புகை வராத குறை.

“ஆண்டியப்பன், கொழுந்துக்கு மூச்சு விட இடம் வேணும். நீர் அதை மூட்டை கட்டி அவிச்சுப் போட்டீர். பக்டரிக்காரன் இதை ஏத்தமாட்டான்.”

அரைப்பேர் எழுதினார். அதற்கே அவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருந்தது. பழுத்த கொழுந்தைக் கழித்தால் அரைப்பேருக்கும் காணாது.

ஆண்டியப்பன் விடவில்லை. நேற்றுப் பதினேழு எடுத்த கை ஒரே நாளில் மறந்துவிடுமா என்று கேட்டார். தராசைச் சோதிக்க வேண்டும் என்றார். பெண்கள் எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்துத் தேயிலைச் செடியில் என்னவோ பார்க்க இருந்தது. நடராசா ஐயா எதிர் மலையைப் பார்த்தார். கடைசியில் பிரேமினிதான் சொன்னாள், கத்தாமல்.

“அண்ணே, நேத்து நீங்க எடுத்தது பன்னெண்டு. மிச்சம் நாங்க போட்டது. இன்னைக்கு நீங்க வாயக் கட்டிட்டீங்க.”

அந்தக் கூட்டத்தில் அப்படி ஒரு வழக்கம். புதிதாக வந்தவள், வயிற்றுப்பிள்ளைக்காரி, காய்ச்சலோடு வந்தவள் என்று யாருக்குக் கை பிந்துகிறதோ, நிறுவைக்குப் போகிற வழியில் ஆளுக்கு ஒரு பிடி கொழுந்து அவள் சாக்கில் விழும். பதினொரு பேர், மூன்று நிறுவை. ஐந்து கிலோ வரை ஏறிவிடும். போடுகிறவள் போட்டதாகச் சொல்லமாட்டாள். வாங்குகிறவள் சாக்கின் வாயைத் திறந்து வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பாள். அதைப் பற்றிப் பேசுவது மரியாதை இல்லை. ஆண்டியப்பன் ஒருவர்தான் அந்த மலையின் சரித்திரத்தில், விழுகிற பிடியை விழவிடாமல் முடிச்சுப் போட்டவர்.

வீட்டுக்கு வந்தவர் முகம் கழுவவில்லை. நாளையிலிருந்து போகப்போவதில்லை என்றார். எப்படியும் ஆறு முழுப்பேர் உடைந்துவிட்டது. இதற்குமேல் பொம்பிளைகளிடம் பிச்சை வாங்கி என்ன ஆகப்போகிறது என்றார். புதன்கிழமை தாம் நடத்திய டெக்னிக் வகுப்பு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வீரம்மாவின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

வீரம்மா சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். சுலக்ஷனா வயிற்றில் இருந்தபோது கடைசி இரண்டு மாதம் தான் எடுத்தது நாளுக்குப் பதினொரு கிலோ என்றாள். விழுந்ததோ எல்லாம் முழுப்பேர். போன வருடம் முதுகு நோக ஆரம்பித்ததிலிருந்தும் அப்படித்தான். டாக்டருக்கு முன்னாலேயே அந்தப் பதினொரு பேருக்கும் அவள் முதுகு தெரியும். அப்புறம் சொன்னாள்:

“இருபத்துநாலு வருஷம் நீங்க கொழும்புல இருந்தீங்க. நான் இங்க தனியா இருந்தேன்னா நெனச்சீங்க?”

ஆண்டியப்பன் அப்படித்தான் நினைத்திருந்தார். மாதாமாதம் தாம் அனுப்பினதும், தீபாவளிக்குத் தாம் கொண்டுவந்த பார்சலும்தான் இந்தக் காம்பராவை நிறுத்தி வைத்திருந்தன என்று நினைத்திருந்தார். யாருக்கெல்லாம் எவ்வளவு காலம் நன்றி சொல்லாமல் இருந்திருக்கிறோம் என்று அவர் எண்ணிப் பார்க்கப் போய், எண்ணிக்கை பிடிபடாமல் விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை பெரட்டில் அவர் நின்றார். கயிறு கொண்டுவரவில்லை. யாரும் வியாழக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பிரேமினியைத் தவிர. அவள் தன் ஒடிந்த நகத்துக்கு நட்டஈடு கேட்டாள்.

நடராசா ஐயாவிடம் தனியாகப் போய், கிழமை கெட்டுவிட்டதா என்று கேட்டார். ஐயா மப்ளரைச் சரிசெய்துகொண்டு யோசித்தார்.

“தொரை கேட்டது கிழமைக்குள்ளை ஆறு முழுப்பேர். கிழமைக்கு ஏழு நாள் எண்டுதான் நான் படிச்சனான். மழை பெய்து மலையிலை கொழுந்து பொங்கிக் கிடக்கு. ஞாயிறும் கொழுந்தெடுக்கிறம். விரும்பினவை வரலாம்.”

விரும்பினவை. அதில்தான் இருந்தது சங்கடம். ஞாயிற்றுக்கிழமை என்பது அந்தப் பெண்களுக்கு உடுப்புத் துவைக்கிற நாள், தலை முழுகுகிற நாள், அட்டன் டவுனுக்குப் போகிற நாள். வருகிறீர்களா என்று கேட்கிற உரிமை தமக்கு இல்லை என்று ஆண்டியப்பனுக்குத் தெரிந்தது. கேட்கவில்லை.

ஆனால் வெள்ளியும் சனியும் அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. நிறுவைக்கு முன்னால் சாக்கின் வாயை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு பக்கம் பார்க்கவில்லை. ஒவ்வொரு பிடி விழுகிறபோதும் போட்டவளின் முகத்தைப் பார்த்தார். வழக்கத்துக்கு விரோதம்தான். பெண்களுக்குக் கூச்சமாகிவிட்டது. கோயில் உண்டியல் மாதிரி நிற்க வேண்டாம் என்று பிரேமினி அதட்டினாள். அப்படியும் அவர் பார்த்தார்.

நாடும் வெளியே கடன் கேட்டுப் பிடி வாங்குகிற நாடுதான். ஆனால் நாடு வாங்குகிறபோது முதலில் நிபந்தனை எழுதுகிறார்கள், பிறகு கையெழுத்து வைக்கிறார்கள், கை குலுக்கிப் படம் எடுத்துப் பத்திரிகையில் போடுகிறார்கள். கொடுத்தவர்கள் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வந்து அடுப்படியை எட்டிப் பார்த்து, உப்புக் கூடிவிட்டது என்கிறார்கள். இங்கே கொடுத்தவள் கையை உதறிவிட்டு, மத்தியானச் சோற்றுக்கு என்ன கறி என்று அடுத்தவளிடம் கேட்டுக்கொண்டு போனாள். பொருளாதாரம் படித்தவர்கள் யாராவது ஒரு நாள் அந்த நிறுவைக்கு வந்து நின்றால் நல்லது. குடை கொண்டுவர வேண்டும்.

வெள்ளி, சனி இரண்டும் முழுப்பேர். மொத்தம் ஐந்து. ஞாயிறு ஒன்று வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே தூறல். ஆண்டியப்பன் முதல் ஆளாகப் பெரட்டுக்கு வந்து, நனைந்துகொண்டு நின்றார். ஏழு பேர் வந்தார்கள். மற்ற நாலு பேரில் ஒருத்திக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒருத்திக்குக் கல்யாண வீடு, மற்ற இரண்டு பேருக்கு இரண்டு நியாயங்கள். வந்த ஏழு பேரையும் அவர் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தார். ஏன் வந்தாய் என்று பிரேமினியிடம் கேட்டதற்கு, வீட்டில் துவைக்க உடுப்பு நிறையக் கிடப்பதாகவும், அதற்குப் பயந்து ஓடி வந்ததாகவும் சொன்னாள்.

அன்றைக்கு அவர் எடுத்தது போல அதற்கு முன் எடுக்கவில்லை. டெக்னிக் எதுவும் இல்லை. பிரேமினியின் கையைப் பார்த்து அப்படியே எடுத்தார். நகத்தால் கிள்ளாமல் விரல் சதையால் ஒடித்தார். கடைசி நிறுவைக்கு முன்னால் அவர் கணக்கு: தாமாக எடுத்தது பதின்மூன்றுக்குக் கிட்ட. ஏழு பேர் பிடியும் சேர்ந்தால் பதினாறு வருமோ வராதோ என்கிற இடம். மழை விடவில்லை. ஏழு பேரும் வந்து போட்டார்கள். பிரேமினி இரண்டு பிடி போட்டுவிட்டு, எண்ணத் தெரியாதவள் மாதிரி போனாள்.

சாக்கு தராசில் தொங்கியது. மூன்று நிறுவையும் சேர்த்துப் பதினாறே கால்.

எல்லோரும் ஐயாவின் பேனாவைப் பார்த்தார்கள். காரணம், மழை நாளில் ஈரத்துக்கு என்று ஒரு கிலோ கழிப்பது வழக்கம். இருபது வருடமாக நடராசா ஐயா கழிக்காமல் விட்டதில்லை. அதற்காக மலையில் அவருக்கு வேறொரு பேரே உண்டு, இங்கே எழுத முடியாது. சாக்கிலிருந்து தண்ணீர் அவர் சப்பாத்தில்தான் சொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வானமும் ஒரு பிடி போட்டிருந்தது. அதை எடுத்துவிட்டால் காம்பராவும் போகும்.

ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மப்ளர் நுனியால் துடைத்தார். துடைத்ததை மாட்டாமல் பைக்குள் வைத்தார்.

“கண்ணாடி புகைஞ்சு போச்சு. எனக்கு ஈரம் தெரியேல்லை” என்று சொல்லி, பதினாறு என்று எழுதினார். கால் கிலோவை விட்டுவிட்டார். கணக்கில் கண்டிப்பான மனிதர்.

திங்கட்கிழமை ஆபீசில் தொரை தாளைப் பார்த்தார். ஆறு முழுப்பேர், ஓர் அரைப்பேர். அந்த அரை எப்படி வந்தது என்று கேட்டார். கொழும்புப் பழக்கம் சேர், இப்போது விட்டுவிட்டேன் என்றார் ஆண்டியப்பன். தொரை சிரித்தாரா தெரியாது, கையெழுத்துப் போட்டார். வீரம்மாவின் பேருக்கு நேரே கோடு விழுந்தது. அதற்குக் கீழே ஆண்டியப்பனின் பேர் ஏறியது. கோட்டைப் பார்த்தபோது மட்டும் அவருக்குக் கொஞ்சம் என்னவோ செய்தது. முப்பது வருடத்துக்கு அது ரொம்பச் சின்னக் கோடு.

மலைக்குத் திரும்பினவர் நன்றி சொல்ல ஒரு பேச்சே தயாரித்து வைத்திருந்தார். தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது வசனத்தில் பிரேமினி கையைக் காட்டி நிறுத்தினாள். அடுத்த கிழமை இரத்மலானை கார்மெண்ட்ஸ் ஒன்றில் வேலை போன இரண்டு பிள்ளைகள் வருகிறார்களாம். ஊசி பிடித்த கைகள், கொழுந்தே தெரியாது.

“நன்றிய அப்படியே வச்சிருங்கண்ணே, அதுங்க சாக்குல போடலாம். இப்ப நிரைய புடிங்க, பிந்துது.”

அவர் நிரையைப் பிடித்தார். இப்போதும் சில நாள் அவர் கை பதினாலில் நின்றுவிடுகிறது. அந்த நாட்களில் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

பேர் பதிவான அந்தத் திங்கட்கிழமை பின்னேரம், செய்தியைக் கேட்டு வீரம்மா அழவுமில்லை, சாமி படத்துக்கு முன்னால் ஓடவுமில்லை. அடுப்புக்கு மேலே கூரையைக் காட்டினாள். பங்குனி மழையிலிருந்தே அந்தத் தகரம் ஒழுகுகிறது. போகிற வீட்டுக்கு எதற்கு என்று சொல்லாமல் விட்டிருந்தாளாம்.

“நாளைக்கு வேலை முடிஞ்சு வந்து அதை மாத்துங்க” என்றாள். ஆண்டியப்பன் நாளைவரை பொறுக்கவில்லை. பக்கத்துக் காம்பராவில் ஏணி வாங்கிக்கொண்டு, இன்னும் விடாத தூறலிலேயே கூரையில் ஏறினார்.